ஆலங்கொல்லையின் யுத்த ஆதரவாளன்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டால் தஞ்சாவூருக்குப் போகிறவனும் மன்னார்குடிக்குப் போகிறவனும் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். அப்படி நிற்கிறவர்கள் வேறு வேலையில்லாமல் வேடிக்கை பார்க்கிற இடம் நெடுமாறனின் ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு என்று எல்லாம் அந்தக் கடையின் ஒரே கம்ப்யூட்டரிலிருந்துதான் பிறக்கும். ஆளுங்கட்சிக்காரர் கும்பிட்டுக்கொண்டிருக்கும் பேனர் காய்வதற்குள் எதிர்க்கட்சிக்காரர் அதன் மேலேயே வந்து விழுவார். செங்கொடிச் சங்கத்தின் மே தின வளைவும் அங்கேதான் அச்சாகும். அதை அச்சடிக்கிற கைதான் சாயங்காலம் அந்தச் சங்கத்தைக் கிண்டல் செய்தும் எழுதும். ஊருக்கே இது தெரியும்.

ஆலங்கொல்லை கீழத்தெருவில் முதன்முதலாக எம்.ஏ. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டவன் நெடுமாறன். வரலாறு படித்தான். அப்பா கடைசிவரை கூலிக்கு நாற்றுப் பறித்தவர், அம்மா நடவாள். பட்டம் வாங்கியதைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. கடைப் பெயர்ப்பலகையில்கூட எம்.ஏ. பெரிதாகவும் ஃப்ளெக்ஸ் சிறிதாகவும் இருக்கும். "கடைக்கு வர்றவனுக்கு பேனர் போடத் தெரியுமான்னுதான் கவல, நீ என்ன படிச்சேன்னு எவன் கேட்டான்?" என்று அவன் மனைவி கயல்விழி எத்தனையோ தடவை சொல்லியும் பலகை மாறவில்லை.

படிக்கும்போதுதான் அந்த விஷயம் அவனைப் பிடித்தது. உக்ரைன் என்று ஒரு தேசம், அன்றைக்கு ரஷ்யக் கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழ் இருந்தது, உலகத்திலேயே கொழுத்த கறுப்பு மண். விளைந்த கோதுமையைக் கட்சிக்காரர்கள் வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போக, அதை விளைவித்த குடியானவர்கள் லட்சம் லட்சமாகப் பட்டினியில் செத்திருக்கிறார்கள். கதிர் பொறுக்கியவனைக்கூடத் திருடன் என்று தண்டித்திருக்கிறார்கள். நெல் விளைகிற ஊரில் கஞ்சிக்கு நின்ற வம்சத்தில் பிறந்தவனுக்கு அதைத் தாண்டி அடுத்த பக்கம் போக முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே ஊருக்கு வந்து தன் மாமா செல்லதுரையிடம் கேட்டான்.

"மாமா, ரஷ்யாவுல குடியானவன பட்டினி போட்டு கொன்னாங்களாமே, ஒங்க சங்கத்துல அதப்பத்திச் சொன்னாங்களா?"

"எவன்டா சொன்னான்? அமெரிக்காக்காரன் எழுதுன புஸ்தகமா?"

அன்று ஆரம்பித்த வழக்கு அது. செல்லதுரை அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. செங்கொடிச் சங்கத்துக்காரர், கூலி உயர்வுப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். வீட்டு முன்னறைச் சுவரில் ரஷ்யாவிலிருந்து எந்தக் காலத்திலோ வந்த வழவழப்பான காலண்டர் தாள் ஒன்று இன்னும் ஒட்டியிருக்கும். கோதுமை வயலில் டிராக்டர் ஓட்டும் ஒரு பெண் அதில் சிரித்துக்கொண்டிருப்பாள். அந்த நாட்டில் கட்சி ஆட்சி முடிந்து எவ்வளவோ காலம் ஆனபிறகும் அவருக்கு ரஷ்யா என்றால் அந்த டிராக்டர்காரிதான்.

ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு நுழைந்து யுத்தம் வந்ததும் நெடுமாறன் எழுத ஆரம்பித்தான். 'வரப்பு வக்கீல்' என்று புனைபெயர். ஃபேஸ்புக்கில் போடுவான், அது வாட்ஸ்அப்பில் ஓடும். அவன் உண்டாக்கிய ஆள் ஒருவர் இருந்தார், தோழர் அமைதி ஆறுமுகம். ஆலங்கொல்லை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு உலக சமாதானத்துக்காகத் தீர்மானம் போடுகிறவர்.

'தீர்மானம் ஒன்று: பக்கத்து வயல்காரன் நம் வரப்பை வெட்டினால் நாம் உடனே மண்வெட்டியைக் கீழே போட்டுவிட வேண்டும். அவன் வெட்டி முடிக்கிறவரை நாம் காக்கும் மௌனத்துக்குப் பெயர் போர்நிறுத்தம். தீர்மானம் இரண்டு: வெட்டியவன் ஏகாதிபத்தியத்தை எதிர்க்கிறவனாக இருந்தால், அந்த வரப்புதான் ஏகாதிபத்தியம். தீர்மானம் மூன்று: வரப்பை இழந்தவன் அழுதால் அது யுத்தவெறி.'

இன்னொரு தடவை, ஆறுமுகத்திடம் ஒரு சின்னப் பெண் கேட்பாள்: "தாத்தா, நீங்க சொல்ற ரஷ்யா சொர்க்கத்துக்கு வாசல்ல காவல் போட்டிருந்தாங்க, சரி. உள்ளேர்ந்து வெளிய ஓடுனவன எதுக்கு சுட்டாங்க?" ஆறுமுகம் அவளுக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

சிரிக்கச் சிரிக்க எழுதுகிறவன், முடிக்கும்போது சில நேரம் சிரிப்பை நிறுத்திவிடுவான். 'எங்கள் தாத்தன் முதுகில் விழுந்த சவுக்கடியை நிறுத்தியது மனு அல்ல. ஒருநாள் திருப்பி ஓங்கிய கை. அதை ஓங்கக் கற்றுக்கொடுத்ததே இந்தச் செங்கொடிதான். அதற்காக அதைக் கும்பிடுவேன். அதே கொடியைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கு அடிபடுகிறவனிடம் போய், கையைக் கீழே போடு, சமாதானம் முக்கியம் என்று சொன்னால், மன்னிக்க வேண்டும் தோழர்களே, சிரிப்புதான் வருகிறது.' இதைப் படித்துவிட்டுச் செல்லதுரை கொஞ்ச காலம் அவனோடு பேசவில்லை. பதில் சொல்ல முடியாததால் பேசவில்லை என்று கயல்விழி சொன்னாள்.

செல்லதுரையின் மகன் ஜெகன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, குறுவை நேரத்தில் அறுவடை மிஷின் ஓட்டிக்கொண்டு, மற்ற நேரத்தில் செல்போனோடு கிடந்தவன். துபாய்க்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வந்த ஏஜென்டைச் செல்லதுரை வாசலோடு திருப்பி அனுப்பினார். "அங்கல்லாம் தொழிலாளிய மாடு மாரி நடத்துவான்." அதே ஏஜென்ட் வகையறாவில் இன்னொருத்தன் வந்து ரஷ்யாவில் கிட்டங்கி வேலை, குடோனில் பொட்டலம் கட்டுவது, தங்க இடம் சாப்பாடு இலவசம் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வேறு எந்த ஊரிலாவது இருந்திருந்தால் நாலு பேரிடம் விசாரித்திருப்பார்கள். ஆலங்கொல்லையில் ரஷ்யாவை விசாரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வெளிநாடு போகிறவனுக்குத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். செல்லதுரை கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கடைக்கு வந்தார்.

"பின்னாடி ரஷ்யாவோட அந்த வெங்காயக் கோபுரம் தெரியணும் மாப்ள. நல்லா சேப்பா வரணும். ஜெகனுக்குக் கண்ணாடி போட்டு விடு."

ஜெகனும் சிரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். வேலை என்று கூட்டிப்போய் ராணுவத்தில் தள்ளிவிடுகிறார்கள் என்று செய்திகள் வந்துகொண்டிருந்த நேரம். நெடுமாறன் அவற்றைப் படித்திருந்தான். சொல்லவும் செய்தான், அவன் பாஷையில்.

"மாமா, கோபுரத்துக்குக் கீழ கொஞ்சம் எடம் காலியா விட்டு வைக்கறேன். திரும்பி வர்றப்ப அங்க மெடல் ஒட்டிக்கலாம். இல்லாட்டி மாலை போட்டுக்கலாம்."

கேட்டில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். ஜெகன்தான் அதிகம் சிரித்தான். "அத்தானுக்கு ரஷ்யான்னாலே வயித்தெரிச்சல்."

அவர்கள் போனதும் கயல்விழி கேட்டாள். "சொல்ல வேண்டியத நேரா சொன்னா என்ன?"

"நேரா சொன்னா மாமா சண்டைக்கு வருவாரு."

"வரட்டுமே."

அவன் பேனரின் மூலையில் ஓட்டை போட்டு வளையம் அடித்துக்கொண்டிருந்தான்.

ஜெகன் போய்க் கொஞ்ச நாளில் நெடுமாறன் எழுதிய ஒன்று தமிழ்நாடு முழுக்க ஓடியது. 'அந்நிய உரம்' என்று தலைப்பு. உள்நாட்டு உரம் தீர்ந்துவிட்டதால் சர்வாதிகாரி ஏழை நாடுகளிலிருந்து உரம் இறக்குமதி செய்கிறார். அந்த உரம் மூட்டையில் வராது, சீருடை போட்டுக்கொண்டு தானே நடந்துவந்து உக்ரைன் வயலில் இறங்கும். யூரியாவுக்கு வரிசையில் நிற்கும் நம் விவசாயி இந்தத் தொழில்நுட்பத்தைக் கண்டு பொறாமைப்படுகிறான். கடைசி வரி இப்படி இருந்தது: 'கூலிக்கு அடுத்தவன் வரப்பை வெட்டப் போகிறவன் முடிவில் அந்த வயலுக்கே அடியுரம்.' யாரோ ஒரு புண்ணியவான் பின்னால் நாதஸ்வரம் போட்டு, அரசாங்க அறிவிப்பு மாதிரி கணீரென்று குரல் கொடுத்துப் பரப்பிவிட்டான். டவுன் பஸ்ஸில் அதைப் போட்டுச் சிரித்தார்கள். நெடுமாறனும் அந்த பஸ்ஸில் இருந்தான். முன் சீட்டுக்காரன் முதுகு குலுங்குவதைப் பார்த்து அவனுக்கு உடம்பெல்லாம் இனித்தது.

அதற்குப் பிறகு ஒரு மழைநாளில் அம்சம் அத்தை தனியாகக் கடைக்கு வந்தாள். செல்லதுரையின் மனைவி. குடை இருந்தும் பாதி நனைந்திருந்தாள்.

"உக்காருங்க அத்தை."

அவள் உட்காரவில்லை. "ஜெகன் பேசுனான். கிட்டங்கியும் இல்ல ஒன்னும் இல்லயாம். பாஸ்போட்ட புடுங்கிக்கிட்டு, தெரியாத பாஷையில கையெழுத்து வாங்கி, பட்டாளத்து சட்டைய மாட்டி விட்டுட்டாங்களாம். துப்பாக்கி புடிக்கக் கத்துக் குடுக்கறாங்களாம். சண்ட நடக்கற எடத்துக்கு அனுப்பப் போறாங்களாம்."

நெடுமாறன் எழுந்து நின்றான். கயல்விழி மிஷினை நிறுத்தினாள்.

"மாறா, அந்த உரம் கத நீ எழுதுனதுதான?"

"ஆமா அத்தை."

"நடவு முடிஞ்சி வேன்ல வர்றப்ப போட்டாங்க. நானும் சிரிச்சேன். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சேன். அப்பவே எம்புள்ள அங்க அந்த சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் நின்னிருக்கான்."

"அத்தை, நான் அவன நெனச்சி எழுதல."

"தெரியும் தம்பி. யாரையும் நெனைக்காமத்தான் எழுதியிருக்க."

வெளியே கேட் திறந்து, ஒரே நேரத்தில் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. அது அடங்குகிறவரை அவள் காத்திருந்தாள்.

"ஒன்ன திட்ட வரல. அந்தச் சண்ட பத்தி ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்னு ஊரே சொல்லுது. எம்புள்ள வருவானா, அத மட்டும் சொல்லு."

 முன்வரிசைக்கு அனுப்பப்படுகிற வெளிநாட்டு ஆட்கள் எவ்வளவு நாள் தாங்குகிறார்கள் என்பதை அவன் படித்திருந்தான். அதை அவளிடம் சொல்ல முடியாது. "பாக்கலாம் அத்தை" என்றான்.

சங்கம் சும்மா இருக்கவில்லை. கேட் பக்கத்தில் உண்ணாவிரதம் என்று முடிவாகி, கிளைச் செயலாளர் நடராசன் பேனர் வாசகத்தோடு வந்தார். கூடவே செல்லதுரை. மனிதர் அதற்குள் பாதியாகியிருந்தார்.

நடராசன் வாசித்தார்: "இந்திய ரஷ்ய நட்புறவு ஓங்குக. போலி ஏஜென்டால் ஏமாற்றப்பட்ட ஜெகனைத் தாயகம் அனுப்பிட ரஷ்ய அரசை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

"அன்புடனா தோழர்?" என்றான் நெடுமாறன். "புள்ளைய புடிச்சி வச்சிருக்கவனுக்கு அன்பு சொல்லியா பட்டினி கெடக்கப் போறீங்க?"

"ஏஜென்டுதாம்பா ஏமாத்துனான். அரசாங்கம் என்ன பண்ணும்?"

"துப்பாக்கி யாரு குடுத்தா, ஏஜென்டா?"

நடராசனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நீ பேசாத. ஒன் ஆளுங்க ஆயுதத்த கீழ வச்சிருந்தா இந்தச் சண்ட எப்பவோ முடிஞ்சிருக்கும். ஜெகன் இந்நேரம் வீட்ல படுத்துக் கெடப்பான். அத எழுதியிருக்கியா நீ?"

"முடிஞ்சிருக்கும் தோழர். அவங்க நாடே முடிஞ்சிருக்கும்."

"எவன் நாடோ முடியட்டும்யா! நம்ம புள்ள வரணும்ல!"

அதற்கு நெடுமாறனிடம் பதில் இல்லாமலில்லை. ஆனால் செல்லதுரை எதிரே உட்கார்ந்திருந்தார். தன்னிடம் இருக்கிற பதில்கள் எல்லாம் பிள்ளை பறிபோகாதவனுக்குச் சொல்கிற பதில்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

செல்லதுரைதான் பேசினார். குனிந்தபடியே. "நடராசா, எங்கப்பன் முதுகுல சவுக்குத் தழும்ப நீயும் பாத்திருக்க. அன்னிக்கு பண்ணைக்கு அன்பு சொல்லிட்டா நாம கொடி ஏத்துனோம்?" பிறகு நெடுமாறனிடம், "நட்புறவ எடுத்துடு மாப்ள" என்றார். "எம்புள்ளய குடு. அத மட்டும் போடு."

அப்படியே அச்சாயிற்று. அதிகாரிகள் வந்தார்கள், மனுவை வாங்கிக்கொண்டார்கள், மேலே அனுப்புவதாகச் சொன்னார்கள். டி.வி.க்காரர்கள் அம்சத்தை அழச்சொல்லிக் கேட்டார்கள். அவள் அழவில்லை, அவர்கள் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள்.

ஜெகன் நெடுமாறனைக் கூப்பிட்டது தை பிறந்த பிறகு. கடையில் கயல்விழி பேனர் மடித்துக்கொண்டிருந்தாள். தெரியாத எண், எடுத்தால் காற்றின் இரைச்சலும் மூச்சும்தான் முதலில் கேட்டது.

"அத்தான், நான்தான். கூட இருக்கற நேபாளத்துப் பையன் போனு. சீக்கிரம் பேசணும்."

"சொல்லுடா. எங்க இருக்க?"

"ஊர் பேரு தெரியல. மரமெல்லாம் மொட்டையா இருக்கு. எங்களுக்கு முன்னாடி போனவங்கள்ல பாதிப் பேரு வரல அத்தான். நாளைக்கோ நாளான்னைக்கோ எங்கள அனுப்பறாங்க." குரலைத் தாழ்த்தினான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க. ஒன்னு கேக்கணும். கையத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டா சுடுவாங்களா?"

நெடுமாறன் கடையின் பின்பக்கம் போனான். மை வாடை அடிக்கிற அந்தச் சந்தில் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டான்.

அந்த மாதிரி வீடியோக்களை அவன் எத்தனையோ பார்த்திருக்கிறான். துப்பாக்கியைப் போட்டுவிட்டு உக்ரைன்காரர்களின் ட்ரோனை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிறவர்கள். அது முன்னால் பறக்க, வாத்துக் கூட்டம் மாதிரி பின்னால் போகிறவர்கள். 'வாத்து மேய்க்கும் ட்ரோன்' என்று ஒரு துணுக்குகூட எழுதியிருந்தான். போகும் வழியிலேயே சொந்தப் பக்கத்துக்காரர்களின் குண்டில் விழுந்தவர்களையும் பார்த்திருந்தான். அதைப் பற்றி எழுதவில்லை.

"கேளு. சரணடையறவங்களுக்குன்னே உக்ரைன்காரங்க ஒரு நம்பர் வச்சிருக்காங்க. அனுப்பறேன், மனசுல ஏத்திக்கிட்டு உடனே அழிச்சிடு. முடிஞ்சா முன்னாடியே சொல்லிட்டுப் போ. முடியலன்னா, துப்பாக்கியக் கீழ போடு. தலைக்கவசத்தக் கழட்டு. வெள்ளத் துணி எதாவது கையில இருக்கட்டும். மேல ட்ரோன் வந்தா ஓடாத. ஓடவே கூடாது, புரியுதா? கை ரெண்டும் தெரியற மாரி நில்லு. அது போற பக்கம் போ."

"பின்னாடிலேர்ந்து சுட்டா?"

"பள்ளத்துல போ. வெட்டவெளியில போகாத." நினைவு வந்து சேர்த்துக்கொண்டான். "கூட யாருகிட்டயும் சொல்லாத."

"நம்பலாமா அத்தான்? அவங்கள?"

எழுதிய அத்தனையையும் ஒரு தட்டில் வைத்துவிட்டு, எதிர்த் தட்டில் இந்தப் பையனை உட்கார வைத்ததுபோல் இருந்தது. அறுவடை மிஷின் மேலே உட்கார்ந்து தூரத்திலிருந்தே கை ஆட்டுவானே, அந்தப் பையன்.

"நம்பலாம்டா. போ."

போன் கட்டாகிவிட்டது. அவன் திரும்பி வந்தபோது கயல்விழி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"நெசமாவே நம்பலாமா?"

"நான் எழுதுனதெல்லாம் நெசம்னா, நம்பலாம்."

"எழுதுனத விடுங்க. நம்பலாமா?"

அவன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தான். மூடியைத் திறக்க வரவில்லை. அவள் வாங்கித் திறந்து கொடுத்தாள்.

பிறகு ஒன்றும் வரவில்லை. ஜெகனிடமிருந்தும் இல்லை, நேபாளத்துப் பையன் எண்ணிலிருந்தும் இல்லை. செல்லதுரை தினம் கேட் பக்கம் வந்து டீ குடிக்கிற சாக்கில் கடையை எட்டிப் பார்ப்பார். நெடுமாறன் தலையை ஆட்டுவான். பையனை எங்கே அனுப்பியிருக்கிறோம் என்பதை அவரிடம் சொல்ல வாய் வரும், அடங்கிவிடும். சொன்னபடி செய்து செத்திருந்தால் கொன்றது தான். சொன்னபடி செய்யாமல் செத்திருந்தால் சொன்னது வீண். எப்படிப் பார்த்தாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முன்பு சாப்பிட்டுக்கொண்டே பார்த்த சண்டை வீடியோக்களை இப்போது ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். புகைகிற பள்ளத்தில் கிடக்கிறவனின் முகம் தெரிகிறதா, கை தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பான். கீழே வழக்கம்போல் சிரிப்புக் குறிகள் வரிசையாக இருக்கும். அதில் சிலது பழைய தேதியில் அவனே போட்டது.

சண்டை நியாயமானது என்பதில் அவனுக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை தூங்கியிருப்பான். வீட்டுக்குள் வந்தவனை அடித்துத்தான் துரத்த வேண்டும், அதில் மாற்றமில்லை. அந்த அடி இப்போது ஜெகன் தலைமேல் ஓங்கியிருந்தது. அதையும் நியாயம் என்று ஒப்புக்கொண்டுதான் அவன் சோற்றைப் பிசைய வேண்டியிருந்தது.

ஒருநாள் டீக்கடையில் அந்த நாதஸ்வரக் குரல் கேட்டது. யாரோ மறுபடி போட்டிருந்தார்கள். 'சீருடை போட்டுக்கொண்டு தானே நடந்துவந்து...' ஃபேஸ்புக்கிலிருந்து அதை அவன் எப்போதோ நீக்கியிருந்தான். நீக்கி என்ன, ஊர் ஊராக அது தானே நடந்துகொண்டிருந்தது. பாதி டீயோடு எழுந்து வந்து, அன்றைக்குக் கேலி இல்லாமல் எழுதினான்.

'ரஷ்யாவில் வேலை என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். எங்கள் தெருப் பையனைக் கிட்டங்கி வேலை என்று கூட்டிப்போய் முன்வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். இருக்கிறானா என்று தெரியவில்லை. போவதற்கு முன் நான் அவனிடம் நேராகச் சொல்லியிருக்க வேண்டும்.'

போட்டு முடித்ததும் சிரிப்புக் குறிகள் வர ஆரம்பித்தன. 'வக்கீல் ஃபார்முக்கு வந்துட்டார்.' 'கிட்டங்கி, செம!' 'கடைசி வரியில வச்சீங்க பாருங்க ஆப்பு.' இது விளையாட்டில்லை, உண்மை என்று கீழே எழுதினான். அதற்கும் சிரித்தார்கள்.

மாசி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு முற்பகலில் வீடியோ வந்தது. உக்ரைன்காரர்கள் சரணடைந்தவர்களைப் பேசவைத்துப் போடுகிற பக்கத்தில். நெடுமாறன் ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்கு மாமன்மார் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தான். திறந்தால், சாம்பல் நிறக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மொட்டைத் தலையோடு, இடது காதில் கட்டோடு ஜெகன். உதடு வெடித்திருந்தது. இங்கிலீஷில் பெயரும் இந்தியா என்பதும் சொன்னான். கேள்வி கேட்டவர் என்னவோ சொல்ல, கேமராவைப் பார்த்துத் தமிழில், "அம்மா, நான் உசுரோட இருக்கேன். காது மட்டும் சரியா கேக்கல" என்றான்.

கயல்விழி வாயைப் பொத்திக்கொண்டாள். நெடுமாறன் வண்டிச் சாவியைத் தேடினான். சாவி கையிலேயே இருந்தது.

ஆலங்கொல்லைக் கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல் அம்பாரம் அம்பாரமாகக் கிடந்தது. ஈரம் அதிகம் என்று திருப்பிவிட்ட நெல்லை அம்சம் தார்ப்பாயில் பரப்பி, காலால் கிளறிக் கோடு போட்டபடி நடந்துகொண்டிருந்தாள். செல்லதுரை சாக்கு அடுக்கின் நிழலில் உட்கார்ந்திருந்தார். அவன் வண்டியை ஸ்டாண்ட் போடாமல் சாய்த்துவிட்டு ஓடிவருவதைப் பார்த்து, சாக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இருக்கான் மாமா! இருக்கான்!"

வெயிலில் திரை தெரியவில்லை. அம்சம் முந்தானையால் நிழல் கட்டிக்கொண்டு பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். அதற்கப்புறமும் ஒரு தடவை.

"காதுல என்ன?"

"அடி பட்டிருக்கு அத்தை. கட்டுப் போட்டிருக்காங்க, பாருங்க."

"மெலிஞ்சிட்டான். சோறு போடறாங்களா?"

"போடுவாங்க."

செல்லதுரை கேட்டார். "அவன் எப்படி அந்தப் பக்கம் போனான்?"

நெடுமாறன் சொன்னான். போன் வந்தது, தான் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னான். செல்லதுரை கேட்டு முடித்து, அவன் கையைப் பிடித்தார். அது நன்றியா கோபமா என்று தெரியாத பிடி. வலித்தது. "என்கிட்ட சொல்லாம எம்புள்ளய வச்சி சூதாடியிருக்க மாப்ள" என்றார். பிடியை விடவில்லை. "எப்ப வீட்டுக்கு அனுப்புவாங்க?"

அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டேதான் அவன் வழியெல்லாம் வண்டி ஓட்டி வந்திருந்தான்.

"அங்க கைதிகள மாத்திக்குவாங்க மாமா. இவங்க ஆள அவங்க விடுவாங்க, அவங்க ஆள இவங்க விடுவாங்க."

"அதான் எப்ப?"

"மாத்துனா, ரஷ்யாக்காரன்கிட்டதான் மாமா குடுப்பாங்க. அவங்க கணக்குல ஜெகன் அவங்க பட்டாளத்து ஆளு, மறுபடி சண்டைக்கே அனுப்பலாம்."

செல்லதுரையின் கை தானாக விழுந்தது. அம்சம் போனை அவனிடம் நீட்டினாள்.

"இவங்கதான நீ எழுதற ஆளுங்க?"

"ஆமா அத்தை."

"இத்தன வருசமா அவங்களுக்காகச் சண்ட போட்டு எழுதியிருக்க. நீ ஒரு வார்த்த சொன்னா கேக்க மாட்டாங்களா? அந்தப் பக்கம் அனுப்ப வேணாம், நேரா இங்க அனுப்புங்கன்னு?"

அந்த நாட்டில் வரப்பு வக்கீல் என்று ஒருவன் இருப்பது ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"சொல்லிப் பாக்கறேன் அத்தை."

"பாக்கறேன்லாம் இல்ல. சொல்லு. இங்கயே உக்காந்து சொல்லு."

அவன் சாக்கு அடுக்கின்மேல் உட்கார்ந்தான். வீடியோ வந்த பக்கத்தின் அடியில் ஒரு முகவரி இருந்தது. இங்கிலீஷில் அடிக்க ஆரம்பித்தான். அடித்து, அழித்து, அடித்தான். அவள் மறுபடி நெல்லில் இறங்கியிருந்தாள், ஆனால் கண் அவன் மேலேயே இருந்தது.

"என்ன எழுதியிருக்க? படி."

தமிழில் சொன்னான். "இவன் எங்கள் ஊர்ப் பையன். வேலை என்று ஏமாற்றிக் கூட்டிப்போனார்கள். தன் விருப்பத்தில் வரவில்லை. உங்கள் போராட்டம் நியாயமானது என்று நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கையில்தான் அவனை உங்களிடம் வரச் சொன்னேன். தயவுசெய்து அவனை மறுபடி அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்."

"அவனுக்குச் சண்ட தெரியாதுன்னு எழுது."

எழுதினான்.

"கோழி அறுக்கக்கூட மாட்டான். அதையும் எழுது."

அதை இங்கிலீஷில் எப்படி எழுதினாலும் வேடிக்கையாகத்தான் தெரிந்தது. ஒரு கணம் யோசித்துவிட்டு, அப்படியே எழுதினான்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அத்தை."

"அனுப்பிச்சிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

அம்சம் காலால் ஒரு கோடு இழுத்து முடித்து, திரும்பி நின்றாள். "இன்னொரு தடவ அனுப்பு" என்றாள்.